பூட்ட மறந்தானா, பூட்டினதை மறந்தானா? ‘டு’வையும் ‘இங்’கையும் தமிழ் வழியே பிரிப்பது

ஜூனில் பள்ளி திறந்ததும் மதுரைப் பக்கத்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடுமுறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால், சித்திரைத் திருவிழா வராமல் இருக்காது. அதில் இப்படி ஒரு வாக்கியமும் வரும்: “அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்கப் போனோம்.” தமிழில் ஐந்தே சொல். நோட்டில் அது இப்படி விழும்: ‘வீ வென்ட் ஃபார் ஸீயிங் அழகர் டு என்டர் த வைகை.’ ‘டு’ வர வேண்டிய இடத்தில் ‘இங்’, ‘இங்’ வர வேண்டிய இடத்தில் ‘டு’. சரியான வாக்கியம்: ‘வீ வென்ட் டு ஸீ அழகர் என்டரிங் த வைகை.’

இப்போது அந்தத் தமிழ் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். ‘பார்க்க’ என்பதுதான் ‘டு ஸீ’ ஆனது. ‘இறங்குறதை’ என்பதுதான் ‘என்டரிங்’ ஆனது. எங்கே எது வரும் என்பதைத் தமிழ் முன்கூட்டியே சொல்லிவிட்டது. பிள்ளைக்கு விடை தெரியாமல் இல்லை. விடை தன் வாயிலேயே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. இன்ஃபினிட்டிவ் (‘டு’வோடு வரும் வினை), ஜெரண்ட் (பெயராக நிற்கும் ‘இங்’) என்று பலகையில் இரண்டு பட்டியல் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, தமிழ் வாக்கியத்தின் வால் எப்படி முடிகிறது என்று பார்ப்பது.

இந்தப் பதிவில் ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. படிக்கிறவர்கள் அவற்றை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் அதுவே பயிற்சியாகிவிடும்.

தமிழ் இலக்கணத்தில் வினையெச்ச வாய்பாடுகள் 12 என்று நன்னூல் எண்ணும். நமக்கு அதில் இரண்டு போதும்: ‘செய’, ‘செய்து’. மூன்றாவதாக, தமிழ்ப் பாடத்தில் படிக்கிற தொழிற்பெயர்: செய்தல், செய்வது, செய்தது. பேச்சில் ‘செய்யுறது’, ‘செஞ்சது’. பார்க்க, பார்த்து, பார்ப்பது. போக, போய், போவது. எந்த வினையை எடுத்தாலும் இந்த மூன்று வடிவமும் பிள்ளைக்கு யோசிக்காமல் வரும்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘செய’ பெரும்பாலும் ‘டு’ ஆகும். ‘செய்வதை’, ‘செய்ததை’ இரண்டும் பெரும்பாலும் ‘இங்’ ஆகும். ‘செய்து’ என்பதோடு முடி, பார், பழகு, கொண்டே இரு போன்ற வினைகள் சேர்ந்தால் அதுவும் ‘இங்’தான்.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதை மறக்க வேண்டாம். இது எங்கே சறுக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

‘செய’விலிருந்து தொடங்கலாம். “பஸ்ஸுல உட்கார இடமில்லை”: ‘நோ ப்ளேஸ் டு ஸிட்.’ “குடிக்கத் தண்ணி வேணும்”: ‘வாட்டர் டு ட்ரிங்க்.’ “சாப்பிட நேரமில்லை”: ‘நோ டைம் டு ஈட்.’ “கேட்க நல்லா இருக்கு, செய்யக் கஷ்டம்”: ‘நைஸ் டு ஹியர், டிஃபிகல்ட் டு டூ.’ “வர மறுத்தான்”: ‘ரெஃப்யூஸ்ட் டு கம்.’ “நீந்தக் கத்துக்கிட்டா”: ‘லேர்ன்ட் டு ஸ்விம்.’ “கொடைக்கானல் போகத் திட்டம் போட்டோம்”: ‘ப்ளான்ட் டு கோ.’ “அவனை வரச் சொன்னேன்”: ‘ஐ டோல்ட் ஹிம் டு கம்.’ பெயருக்குப் பின்னாலும், பண்புச் சொல்லுக்குப் பின்னாலும், வினைக்குப் பின்னாலும் ஒரே விதி ஓடுகிறது. தமிழ் ‘செய’ ஒரு செயலை இன்னொன்றை நோக்கி நீட்டுகிற வடிவம். ஆங்கில ‘டு’வும் அப்படிப்பட்டதுதான். பழைய ஆங்கிலத்தில் அது திசையைக் காட்டுகிற முன்னிடைச் சொல் (ப்ரிபொசிஷன்). பிறகுதான் வினையோடு ஒட்டிக்கொண்டது. நம்முடைய ‘போவதற்கு’, ‘போறதுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபு செய்கிற வேலையும் அதுதான்.

இந்தப் ‘போறதுக்கு’தான் மதுரைப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற முதல் இடம். “படிக்கிறதுக்காக மதுரைக்கு வந்தான்” என்பதை ‘ஹி கேம் டு மதுரை ஃபார் ஸ்டடியிங்’ என்று எழுதுவார்கள். ‘க்காக’ என்றதும் கை தானாக ‘ஃபார்’ எழுதிவிடுகிறது. ஒருவர் எதற்காக ஒரு செயலைச் செய்தார் என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘டு ஸ்டடி’தான். சோதனை எளிது: ‘படிக்கிறதுக்காக’ என்பதைப் ‘படிக்க’ என்று மாற்றிச் சொல்லுங்கள். பொருள் மாறாமல் நின்றால் அது ‘டு’. “படிக்க மதுரைக்கு வந்தான்” நிற்கிறது. ஆகவே ‘டு ஸ்டடி’. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது மட்டும் ‘ஃபார்’ போட்டு ‘இங்’ எழுதலாம்: ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்.’

இரண்டாவது இடம் இதைவிட மோசம்: ‘ஐ வாண்டட் டு வென்ட்.’ நேற்று நடந்தது என்பதால் இரண்டு வினையையும் இறந்தகாலத்தில் போட்டுவிடுவார்கள். “தப்பு, ‘டு’வுக்குப் பின்னால் முதல் வடிவம்தான்” என்று நூறு முறை சொன்னாலும் அடுத்த வாரம் திரும்ப வரும். இதற்கும் மருந்து தமிழில் இருக்கிறது. “நேத்து போக ஆசைப்பட்டேன். இன்னைக்குப் போக ஆசைப்படுறேன். நாளைக்குப் போக ஆசைப்படுவேன்.” மூன்றையும் வகுப்பு முழுக்கச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். ‘போக’ மாறவில்லை. ‘செய’ வடிவத்தில் காலம் காட்டும் இடைநிலை கிடையாது. காலத்தைப் பின்னால் வருகிற வினை சுமக்கிறது. ஆங்கிலத்தில் ‘டு கோ’வும் அப்படியே மாறாது, ‘வாண்ட்’ மட்டும் ‘வாண்டட்’ ஆகும். ‘ஐ வாண்ட் டு கோயிங்’ என்று எழுதும் பிள்ளைக்கும் இதையே காட்டலாம்.

இனி ‘இங்’. இதைப் பெயர்ச்சொல் என்று நம்ப வைப்பதுதான் பாதிப் பாடம். ‘ஹி இஸ் ரன்னிங்’ என்று ஆறாம் வகுப்பிலிருந்தே படித்திருப்பதால், ‘இங்’ கண்டால் ‘கொண்டிருக்கிறான்’ என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். மாசி வீதியில் எத்தனை சுவரில் ‘நோ பார்க்கிங்’ இருக்கிறது! ‘பார்க்கிங் எங்கண்ணே?’ என்று பிள்ளையே கேட்கிறது. புக்கிங், கோச்சிங், மீட்டிங் எல்லாம் அதன் வாயில் பெயராகத்தான் புழங்குகின்றன. ‘நோ’வுக்குப் பின்னால் பெயர் வரும்: ‘நோ வாட்டர்’, ‘நோ மணி’. அதே இடத்தில்தான் ‘பார்க்கிங்’ உட்கார்ந்திருக்கிறது. ‘நோ பார்க்கிங்’ என்றால் ‘நிறுத்துதல் கூடாது’; அங்கே யாரும் நிறுத்திக்கொண்டிருக்கவில்லை.

பிறகு இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ‘ஷி இஸ் ஸெல்லிங் ஜாஸ்மின்.’ ‘ஹர் ஜாப் இஸ் ஸெல்லிங் ஜாஸ்மின்.’ இரண்டிலும் ‘இஸ் ஸெல்லிங்’ இருக்கிறது. முதலாவது ‘மல்லி விற்கிறாள்’. இரண்டாவது ‘அவள் வேலை மல்லி விற்பது’. முதலாவதில் வினை, இரண்டாவதில் ஜெரண்ட். தமிழில் சொன்னதுமே பிரிந்துவிடும். இன்னொரு சிறு சங்கதி: ‘ஸெல்லிங் ஃப்ளவர்ஸ் இஸ் ஹார்ட் வொர்க்’ என்பதில் ‘ஃப்ளவர்ஸ்’ பன்மை என்று பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுவார்கள். கஷ்டமாக இருப்பது பூக்கள் இல்லை, விற்பது. அது ஒரு வேலை, ஒருமை.

பெயருக்கு முன்னால் வரும் ‘இங்’கையும் இதே கையோடு பிரித்துவிடலாம். ‘ஸ்விம்மிங் பூல்’ நீந்துவதற்கான குளம், ‘ரைட்டிங் பேட்’ எழுதுவதற்கான அட்டை, இவை ஜெரண்ட். ‘பாய்லிங் வாட்டர்’ கொதிக்கிற தண்ணீர், ‘ரன்னிங் பஸ்’ ஓடுகிற பஸ். இவை பார்ட்டிசிப்பிள், நம் பெயரெச்சம். ‘க்கான’ பொருந்தினால் ஒன்று, ‘கிற’ பொருந்தினால் மற்றொன்று. குளம் நீந்தாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே வினைக்குப் பின்னால் ‘டு’வும் வரும், ‘இங்’கும் வரும், பொருள் அடியோடு மாறும் என்று இலக்கணப் புத்தகங்கள் ஐந்தாறு வினைகளைச் சொல்லும்: ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப், ட்ரை, ரிக்ரெட். கஷ்டமான பாடம் என்று கடைசியில் வைப்பார்கள். உண்மையில் தமிழ்ப் பிள்ளைக்கு மிக எளிதானது இதுதான். ஏனென்றால் இந்தப் பொருள் வேறுபாட்டைத் தமிழ் வடிவத்திலேயே காட்டிவிடுகிறது.

“கதவைப் பூட்ட மறந்துட்டான்.” பூட்டவில்லை, வீடு திறந்து கிடக்கிறது. ‘ஹி ஃபர்காட் டு லாக் த டோர்.’ “கதவைப் பூட்டினதை மறந்துட்டான்.” பூட்டிவிட்டான், ஆனால் நினைவில்லை, பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். ‘ஹி ஃபர்காட் லாக்கிங் த டோர்.’ பூட்ட, பூட்டினதை. ‘செய’, ‘செய்ததை’. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்கிற தமிழ்ப் பிள்ளை கிடையாது. ‘ரிமெம்பர்’ அப்படியே: “மாத்திரை போட ஞாபகம் வச்சுக்கோ” என்றால் ‘டு டேக்’, “மாத்திரை போட்டது ஞாபகம் இருக்கு” என்றால் ‘டேக்கிங்’. “தெரிவிக்க வருந்துகிறோம்” என்று கடிதத்தில் எழுதுவது ‘ரிக்ரெட் டு இன்ஃபார்ம்’. “சொன்னதுக்கு வருத்தப்படுறேன்” என்பது ‘ரிக்ரெட் ஸேயிங்’. நடந்து முடிந்ததைக் காட்டும் ‘ன’வும் ‘த’வும் தமிழ்ச் சொல்லுக்குள் இருந்தால், ஆங்கிலத்தில் ‘இங்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

‘ஸ்டாப்’புக்குத் தமிழ் இரண்டு தனி வினையே வைத்திருக்கிறது: நில், நிறுத்து. “ஆள் ஏத்த பஸ் திருமங்கலத்துல நின்னுச்சு”: ‘த பஸ் ஸ்டாப்ட் டு பிக் அப் பாஸெஞ்சர்ஸ்.’ “பஸ்ஸுல ஆள் ஏத்துறதை நிறுத்திட்டாங்க”: ‘தே ஸ்டாப்ட் பிக்கிங் அப் பாஸெஞ்சர்ஸ்.’ முதலாவதில் ஆள் ஏறுகிறார்கள். இரண்டாவதில் ஏற முடியாது. பரீட்சையில் இதைத் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண்தான் போகும். ஆனால் ‘ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்பதை ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்று எழுதினால், சிகரெட்டை விட்ட மனிதர் வண்டியை ஓரம் கட்டிப் பற்றவைத்ததாக ஆகிவிடும்.

‘ட்ரை’ இன்னும் நுட்பமானது; தமிழ் அதையும் விட்டுவைக்கவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம். கிணற்று மோட்டார் ஓடவில்லை. “மோட்டாரைப் போடப் பார்த்தார், முடியல.” ‘செய’வோடு ‘பார்’. முயற்சி, செயல் நிறைவேறவில்லை. ‘ஹி ட்ரைட் டு ஸ்டார்ட் த மோட்டார்.’ “ஃபியூஸை மாத்திப் பார்த்தார், அப்பவும் ஓடல.” ‘செய்து’வோடு ‘பார்’. ஃபியூஸை மாற்றுவது நடந்துவிட்டது. பலன் கிடைக்குமா என்று பார்க்கத்தான் அதைச் செய்தார். ‘ஹி ட்ரைட் சேஞ்சிங் த ஃபியூஸ்.’ போடப் பார்த்தார், மாத்திப் பார்த்தார். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு எழுத்து போதும்.

இதே வரிசையில் இரண்டு தமிழ் வினைகளைச் சேர்க்க வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் இவை சேர்ந்து வராது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். ‘மறு’, ‘ஒத்துக்கொள்’. “பணம் கொடுக்க மறுத்தான்” என்றால் ‘ரெஃப்யூஸ்ட் டு கிவ்’. “பணம் எடுத்ததை மறுத்தான்” என்றால் ‘டினைட் டேக்கிங்’. “வர ஒத்துக்கிட்டான்” ‘அக்ரீட் டு கம்’. “எடுத்ததை ஒத்துக்கிட்டான்” ‘அட்மிட்டட் டேக்கிங்’. எந்த ஆங்கில வினையை எடுப்பது, அதன் பின்னால் எதைப் போடுவது என்று இரண்டு கேள்விக்கும் தமிழ் வால் ஒன்றே பதில் சொல்கிறது. ‘ரெஃப்யூஸ்’ எழுத வேண்டிய இடத்தில் ‘டினை’ எழுதுகிற பிழையும் இதில் சேர்ந்தே சரியாகிவிடும்.

‘செய்து’ வகை சிறியது, ஆனால் உறுதியானது. “எழுதி முடிச்சேன்”: ‘ஃபினிஷ்ட் ரைட்டிங்.’ “பாடிப் பழகு”: ‘ப்ராக்டிஸ் ஸிங்கிங்.’ “பேசிக்கிட்டே இருந்தான்”: ‘கெப்ட் டாக்கிங்.’ “அரட்டை அடிச்சே நேரத்தைப் போக்கினான்”: ‘ஸ்பென்ட் ஹிஸ் டைம் சாட்டிங்.’ ஃபினிஷ், ப்ராக்டிஸ், கீப் மூன்றும் ஜெரண்ட் பட்டியலில் தலையாய வினைகள். இவற்றைப் பட்டியலாகப் படிக்கவே வேண்டாம்.

சரி, சறுக்குகிற இடங்கள்.

முதலில் ‘செய’ இருந்தும் ‘டு’ வராத இடம். “போக விட்டார்”, “எழுத வச்சார்”. ‘ஹி லெட் மி கோ’, ‘ஹி மேட் மி ரைட்.’ லெட், மேக் இரண்டுக்கும் பின்னால் வெறும் வினை. ஆனால் ‘மேக்’ செயப்பாட்டுக்கு மாறினால் ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு ரைட்.’ செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றும் கேள்வியில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ‘போக முடியும்’, ‘போகலாம்’, ‘போகணும்’ என்பவை ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ என்று மாறும்போதும் ‘டு’ கிடையாது.

ஸீ, ஹியர், வாட்ச் ஆகியவற்றுக்குப் பின்னாலும் ‘டு’ இல்லை. முழுவதையும் பார்த்தால் வெறும் வினை. நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தால் ‘இங்’. அழகர் இறங்குவதைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தவர் ‘ஸா அழகர் என்டர்’ என்றும் எழுதலாம். ‘டு என்டர்’ என்று மட்டும் எழுதக்கூடாது.

அடுத்தது, தமிழில் ‘செய’ இயல்பாக வந்து, ஆங்கில வினை மட்டும் ‘இங்’ கேட்கும் இடம். “கிரிக்கெட் விளையாட ரொம்பப் பிடிக்கும்” என்று நினைத்துக்கொண்டு ‘ஐ என்ஜாய் டு ப்ளே’ எழுதுவார்கள். ‘லைக்’ என்றால் இரண்டும் செல்லும்: ‘லைக் டு ப்ளே’, ‘லைக் ப்ளேயிங்’. ‘என்ஜாய்’ என்றால் ‘ப்ளேயிங்’ மட்டும். ‘வுட் லைக்’ என்றால் திரும்பவும் ‘டு’ மட்டும். “ஜன்னலைத் திறக்க முடியுமா?” என்பதைப் பணிவாகக் கேட்க ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ இதற்கு ‘நோ’ என்று பதில் வந்தால் ‘திறக்கிறேன், எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று பொருள். ‘மைண்ட்’ என்பதே ஆட்சேபிப்பது. “போகலாம்னு சொன்னான்” என்பது ‘ஸஜெஸ்டட் கோயிங்’. “போகச் சொன்னான்” என்பது ‘டோல்ட் மி டு கோ’. ‘ஸஜெஸ்டட் டு கோ’ என்று ஒன்று கிடையாது. “போகலாமான்னு யோசிக்கிறேன்” என்பது ‘கன்சிடரிங் கோயிங்’. ஆக ‘லாம்’ என்ற வால் வந்தாலே எச்சரிக்கையாக இருங்கள்: ஸஜெஸ்ட், கன்சிடர், இரண்டும் ‘இங்’. “திருமலை நாயக்கர் மகால் பார்க்க வேண்டிய இடம்” என்பது ‘வொர்த் ஸீயிங்’. ‘வொர்த்’தும் ‘இங்’ மட்டும்தான் ஏற்கும்.

எதிர்ப்பக்கம், தமிழில் ‘வதாக’, ‘வது போல’ என்று வந்து ஆங்கிலத்தில் ‘டு’ ஆகிறவை. “வருவதா வாக்குக் கொடுத்தான்” ‘ப்ராமிஸ்ட் டு கம்’. “அடிப்பதா மிரட்டினான்” ‘த்ரெட்டன்ட் டு ஹிட்’. “தூங்குற மாதிரி நடிச்சான்” ‘ப்ரிடெண்டட் டு ஸ்லீப்’. ‘வதை’ என்றால் ‘இங்’, ‘வதாக’ என்றால் ‘டு’. ஒரு ‘ஐ’ உருபுக்கும் ஒரு ‘ஆக’வுக்கும் இவ்வளவு தூரம். ‘வதை’யிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: “ஜெயிப்பதை எதிர்பார்க்கிறேன்” என்பது ‘எக்ஸ்பெக்ட் டு வின்’.

“நான் டாக்டராகணும்னு அப்பா ஆசைப்படுறார்.” இதை ‘மை ஃபாதர் வாண்ட்ஸ் தட் ஐ பிகம் எ டாக்டர்’ என்று எழுதுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பிழை. ‘னு’வைக் கண்டதும் ‘தட்’ போட்டுவிடுகிறார்கள். ‘என்னை டாக்டராக்க ஆசைப்படுறார்’ என்று ஒருமுறை திருப்பிச் சொன்னால் ‘மி’ வெளியே வரும்: ‘வாண்ட்ஸ் மி டு பிகம் எ டாக்டர்.’ எதிர்மறையில் ‘நாட்’ முன்னால் வரும்: ‘டிசைடட் நாட் டு கோ’. ‘டு டோன்ட் கோ’ என்பது கூடவே கூடாது.

முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் பெரும்பாலும் ‘இங்’தான்: ‘பிஃபோர் ஈட்டிங்’, ‘ஆஃப்டர் ஈட்டிங்’, ‘வித்தவுட் ஈட்டிங்’, ‘பை ஈட்டிங்’. சாப்பிடுறதுக்கு முன்னாடி, சாப்பிட்ட பிறகு, சாப்பிடாம, சாப்பிடுறது மூலமா. நான்கு தமிழ் வடிவம், ஒரே ஆங்கில வடிவம். இங்கே ஆங்கிலம்தான் எளிது.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்று: ‘டு’வே முன்னிடைச் சொல்லாக வரும் இடம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு பிள்ளை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷி கோஸ் டு த லைப்ரரி டு ரீட்.’ முதல் ‘டு’ இடத்தைக் காட்டுகிறது, பின்னால் பெயர். இரண்டாவது ‘டு’ செயலைக் காட்டுகிறது, பின்னால் வினை. ஒரு ‘டு’ எந்த ‘டு’ என்று தெரியாவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘ஐ வாண்ட் டு த ஃபெஸ்டிவல்.’ பொருந்தவில்லை, ஆகவே இது வினைக்கான ‘டு’, ‘டு கோ’. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஃபெஸ்டிவல்.’ பொருந்துகிறது, ஆகவே முன்னிடைச் சொல், பின்னால் வினை வந்தால் ‘இங்’. கடித வினாவில் கடைசி வரியாக ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதி, முழுக் கடிதத்தையும் சரியாக எழுதியவர்கள் அங்கே தடுக்குவார்கள். ‘டு ஹியரிங்’தான் சரி.

‘யூஸ்டு டு’வும் இதே கதை. “தினமும் வைகைக் கரையில நடப்பேன், இப்ப இல்லை” ‘ஐ யூஸ்டு டு வாக்’. “வெயில்ல நடந்து பழக்கம்” ‘ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்’. ‘ஆம்’ இருந்தால் ‘இங்’. தமிழிலும் ‘நடந்து’ என்று ‘செய்து’ வடிவம்தான் வந்திருக்கிறது, கவனித்தீர்களா?

“மழை பெய்ய ஆரம்பிச்சது” மாதிரி இடங்களில் இரண்டும் செல்லும். ‘இட் இஸ் பிகினிங்’ என்று முன்னாலேயே ஒரு ‘இங்’ வந்துவிட்டால் மட்டும், பின்னால் ‘டு ரெயின்’ போடுவது காதுக்கு நல்லது.

எழுத்துப் பிழைகளில் அடிக்கடி வருவது ‘ரைட்டிங்’. ‘ரிட்டன்’ என்பதில் இரண்டு ‘டி’ இருப்பதால் இதிலும் இரண்டு போடுவார்கள். ‘ரைட்’டின் கடைசி ‘இ’ போகும், ‘டி’ ஒன்றுதான். ரன், ஸ்விம், ஸ்டாப் போன்ற ஓரசைச் சொற்களில் ஒரே உயிர், ஒரே மெய் என்று முடிந்தால் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘டை’ என்று பூக் கட்டுவது ‘ஐ இ’யில் முடியும், அது ‘ஒய்’ ஆகி ‘டி ஒய் ஐ என் ஜி’ ஆகும். உச்சரிப்பில், ‘இங்கு’ என்று கடைசியில் உகரம் சேர்க்காமல் ‘இங்’ என்று மூக்கிலேயே நிறுத்த வேண்டும். ‘டு’வை ‘டூ’ என்று நீட்டாமல் லேசாகத் தொட்டு விட்டால் போதும். இல்லாவிட்டால் ‘டூ டயர்ட் டு வாக்’ என்பதில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

இதை வகுப்பில் நடத்த ஒரு முறை. 40 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நெடுக்கில் மடித்து, இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கிலம். தமிழ் வாக்கியம் பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கட்டும். ‘போறதுக்கு’ என்றால் ‘போறதுக்கு’. அதில் வாலை மட்டும் பென்சிலால் அடிக்கோடு: போக, போறதை, போய். நாளுக்கு இரண்டு வினை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம். முதல் நான்கு நாள் ‘செய’ வினைகள் மட்டும்: வாண்ட், ப்ளான், டிசைட், ரெஃப்யூஸ், அக்ரீ, லேர்ன், ஹோப், ப்ராமிஸ். அடுத்த நான்கு நாள் ‘வதை’, ‘ததை’, ‘செய்து’ வினைகள்: அவாய்ட், அட்மிட், டினை, ஃபினிஷ், கீப், ப்ராக்டிஸ், என்ஜாய், மைண்ட். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் முதன்முறையாகப் பார்த்த இரண்டு பட்டியல் ஒன்றோடொன்று குழம்பும். ஒன்று காலூன்றிய பிறகு மற்றொன்றைக் கொண்டுவர வேண்டும். ஒன்பதாம் நாள் மறந்தான், நின்றான், பார்த்தான், மறுத்தான் ஜோடிகள். பத்தாம் நாள் சறுக்குகிறவை, தனிப் பக்கத்தில்.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம். ஆசிரியர் தமிழ் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளை உடனே ஆங்கிலம் சொல்ல வேண்டாம். முதலில் வாலை மட்டும் சொல்லட்டும்: “பூட்டினதை.” பிறகு ‘இங்’ என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு முழு ஆங்கில வாக்கியம். இந்த நடுப்படியைத் தாண்டவிட்டால் பிள்ளை பழையபடி ஊகிக்கத் தொடங்கிவிடும். பிழை வந்தால் ஆங்கிலத்தைத் திருத்துவதற்கு முன், “தமிழ்ல திரும்பச் சொல்லுப்பா” என்று கேளுங்கள். பல முறை தானே திருத்திக்கொள்ளும்.

வீட்டில் செய்து பார்க்க மூன்று வாக்கியம். “அலங்காநல்லூர்ல ஜல்லிக்கட்டு பார்க்கப் போறதைத் தள்ளிப் போட்டோம்.” “தண்ணி குடிக்க நின்னவன் பேசுறதை நிறுத்தல.” “டிக்கெட் எடுக்க மறந்தவன், எடுத்ததை மறந்துட்டேன்னு சொல்லி சமாளிக்கப் பார்த்தான்.” முதல் வாக்கியத்தில் தள்ளிப் போடுவதற்கு ‘போஸ்ட்போன்’, வால் ‘போறதை’. மூன்றாவதில் நான்கு முடிவு எடுக்க வேண்டும். கடைசியில் இருப்பது ‘சமாளிச்சுப் பார்த்தான்’ இல்லை, ‘சமாளிக்கப் பார்த்தான்’.